தீவின் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

நான் முதன்முதலாக ஒரு சிறிய வெப்பமண்டலத் தீவுக்குப் போனது கடலாமை முட்டையிடுவதைப் பார்க்கத்தான். போய் இறங்கியபோது பருவம் முடிந்திருந்தது. மணல்மேட்டில் காய்ந்து சுருண்ட முட்டைத் தோல்கள் கிடந்தன, வேறொன்றும் இல்லை. விடுமுறை எந்த வாரம் கிடைத்ததோ அந்த வாரத்துக்குச் சீட்டெடுத்ததன் விளைவு அது. அன்றிலிருந்து தலைகீழாகத் திட்டமிடுகிறேன். முதலில் உயிரினம், அப்புறம் மாதம், அப்புறம் நிலா, கடைசியில்தான் டிக்கெட். முதல்முறை போகிறவர்களுக்கும் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"இயற்கையைப் பார்க்கப் போகிறேன்" என்று கிளம்பினால் தேதி குறிக்க முடியாது. ஆமையா, கடற்பறவைக் கூட்டமா, பவளப்பாறையா, காடா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை கூடவே வரும். ஆனால் தேதியை அந்த ஒன்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

இது எவ்வளவு நுணுக்கமான கணக்கு என்பதற்குக் கிறிஸ்துமஸ் தீவைச் சொல்லலாம். ஜாவாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலிய ஆட்சிப்பகுதி அது. அதன் காட்டுக்குள் கோடிக்கணக்கான செந்நண்டுகள் வாழ்கின்றன. மழைக்காலத்தின் முதல் மழை விழுந்ததும், பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ, அவை கடலை நோக்கி நடக்கத் தொடங்கும். ஆண் நண்டுகள் முன்னால் போய்க் கரையோரம் வளை தோண்டும். இணைசேர்ந்த பிறகு ஆண்கள் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த வளைக்குள் முட்டையைச் சுமந்தபடி காத்திருக்கும். எதற்காகக் காத்திருக்கின்றன? நிலாவுக்காக. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் குறைவாக இருக்கும். அந்த நாட்களில், விடியலுக்கு முன், ஏறிய கடல் இறங்கத் தொடங்கும் வேளையில் பெண் நண்டுகள் முட்டைகளைத் தண்ணீரில் உதிர்க்கும். முதல் மழை தாமதமானால் எல்லாம் அடுத்த மாத நிலாவுக்குத் தள்ளிப்போகும்.

ஒரு வாரம் பிசகினால் நீங்கள் பார்ப்பது வெறும் கரை. எல்லாத் தீவிலும் கணக்கு இத்தனை இறுக்கமாக இருக்காதுதான். ஆனாலும் பறவைகள் கூடு கட்டும் மாதம், ஆமை கரையேறும் மாதம், தண்ணீர் தெளிந்திருக்கும் மாதம் ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி. அந்தத் தீவின் தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கோ, அங்கே வேலை செய்யும் பாதுகாப்பு அமைப்புக்கோ ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சுற்றுலா விளம்பரத்தில் வரும் 'சிறந்த பருவம்' என்பது பெரும்பாலும் வெயில் நன்றாக அடிக்கும் பருவம், அவ்வளவே.

2. காற்று, மழை, நிலா

புயல் காலத்தை முதலில் கழித்துவிடுங்கள். கரீபியனிலும் அட்லாண்டிக்கிலும் ஜூன் முதல் நவம்பர் வரை. தென் பசிபிக்கிலும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வங்காள விரிகுடாவில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் என இரண்டு காலம். நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் உள்ள தீவுகளில் இந்தக் கவலை மிகக் குறைவு. காற்றைச் சுழல வைக்கும் புவிச்சுழற்சி விசை அங்கே மிகவும் பலவீனம் என்பதால் புயல் அரிதாகவே உருவாகும்.

ஆனால் புயல் வேறு, மழை வேறு. மழைக்காலத்தையே ஒதுக்கிவிடுவது தவறு என்பது என் கருத்து. தவளைகள், நிலநண்டுகள், பூஞ்சைகள், அருவிகள் எல்லாம் மழையில்தான் உயிர்பெறும். காடு பார்க்கப் போகிறவர் மழையோடு போகலாம். பவளப்பாறை பார்க்கப் போகிறவர் போகக்கூடாது, ஆற்று வண்டல் கலந்து கடல் கலங்கியிருக்கும். மலைகள் உள்ள தீவில் காற்று வந்து மோதும் பக்கம் பசுமையாகவும் ஈரமாகவும், மறுபக்கம் வறண்டும் இருக்கும். காற்று மறைவான பக்கத்தில் கடல் அமைதியாக இருக்கும். தங்குமிடம் எந்தப் பக்கம் என்பது இதைப் பொறுத்தது.

நிலாவுக்கு வருவோம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். வற்றிய பாறைக் குட்டைகளில் நட்சத்திரமீன், கடல் வெள்ளரி, சிறு நண்டுகள் தேட அந்த நாட்களே நல்லவை. மாறாக, நீரோட்டம் மெதுவாக இருக்கும் அஷ்டமி நாட்கள், மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கெலிங்கைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பாதுகாப்பானவை. கடலில் மின்னும் நுண்ணுயிர்களையும் பால்வெளியையும் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசை. மூன்றும் வேண்டுமா? தேய்பிறை அஷ்டமிக்கு முன்தினம் போய் அமாவாசை வரை இருங்கள், எட்டுப் பத்து நாள் ஆகும். நான் பரிந்துரைக்கும் தங்கல் அளவும் அதுதான். நான்கு நாளில் மூன்று தீவு என்று ஓடினால் படகுத்துறைகள்தான் நினைவில் நிற்கும்.

3. எந்த மாதிரித் தீவு

எரிமலையால் உண்டான உயர்ந்த தீவில் காடு, ஓடை, நிலப்பறவைகள் இருக்கும். தாழ்ந்த பவளவளையத் தீவில் நிலம் ஒரு மெல்லிய பட்டை. அங்கே செல்வமெல்லாம் தண்ணீருக்கடியிலும் பறவைக் கூடுகளிலும்தான். இரண்டும் வெவ்வேறு பயணங்கள்.

பவளத்தீவுக்குப் போகிறவர்கள் அங்கே குடிநீர் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நிற்கும் என்பது கணக்கு. சின்னத் தீவில் அந்த உயரம் சில அங்குலந்தான். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உப்பாகிவிடும், திரும்பத் தேற ரொம்ப நாள் ஆகும். அரைமணி நேரம் ஷவரில் நிற்பதற்கு அங்கே இடமில்லை.

4. அனுமதி

இதைக் குறைந்தது மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். லட்சத்தீவுக்குப் போக இந்தியக் குடிமக்களுக்கே நுழைவு அனுமதி வேண்டும். கலாபகஸ் தேசியப் பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியோடுதான் போகலாம், விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிரேசிலின் பெர்னாண்டோ டி நொரோன்யாவில் எத்தனை நாள் தங்குகிறீர்களோ அதற்கேற்பச் சுற்றுச்சூழல் வரி கூடும். பசிபிக்கில் உள்ள பலாவ் நாட்டில் 2017 முதல் பாஸ்போர்ட்டிலேயே ஓர் உறுதிமொழி முத்திரை குத்துகிறார்கள். அந்நாட்டுக் குழந்தைகளுக்காக இந்தத் தீவைக் காப்பேன் என்று நீங்கள் கையெழுத்திட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த நடைமுறை அது.

சீஷெல்ஸில் உள்ள கசின் தீவில் பயணிகள் இரவு தங்க முடியாது. பகலில் போனாலும் நீங்கள் வந்த படகு கரையைத் தொடக்கூடாது, தீவின் காவலர்கள் தங்கள் படகில் வந்து அழைத்துப் போவார்கள். எலி ஒன்றுகூட ஏறிவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 1968-இல் அந்தத் தீவு பாதுகாப்புக்காக வாங்கப்பட்டபோது, சீஷெல்ஸ் கதிர்க்குருவி என்ற சின்னப் பறவை உலகத்திலேயே 30-க்கும் குறைவாக, அந்த ஒரு தீவில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. இன்று அது ஆயிரக்கணக்கில் பெருகி வேறு தீவுகளிலும் வாழ்கிறது. இப்படிப்பட்ட கட்டுப்பாடு உள்ள தீவுகளைத் தேடிப் போங்கள். கெடுபிடி அதிகமுள்ள இடத்தில்தான் பார்ப்பதற்கு ஏதாவது மிச்சமிருக்கும்.

5. போய்ச் சேர்வதும் திரும்புவதும்

தொலைதூரத் தீவின் படகு அட்டவணையை ஒரு விருப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள், வாக்குறுதியாக அல்ல. கடல் கொந்தளித்தால் படகு வராது, காற்று திரும்பினால் சிறு விமானம் இறங்காது. தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினாவுக்கு 2017 வரை கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து இரவுப் பயணம். விமான நிலையம் கட்டி முடித்த பிறகும் ஓடுதளத்தில் காற்றின் போக்கு திடீர் திடீரென்று மாறியதால் பயணிகள் சேவை தள்ளிப்போனது.

ஆகவே தீவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் அடுத்த பெரிய விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். மருத்துவ அவசரத்தில் வேறிடத்துக்குத் தூக்கிச் செல்வதையும் உள்ளடக்கிய காப்பீடு எடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். காற்று உருளையோடு ஆழத்தில் முழுகும் ஸ்கூபா செய்கிறவர்கள் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடவேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். சின்ன விமானங்களில் எடைக் கட்டுப்பாடு கறாராக இருக்கும். எத்தனை கிலோ என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. தங்குமிடத்தில் கேட்க வேண்டியவை

'பசுமை' என்று பெயரிலேயே போட்டுக்கொள்ளும் விடுதிகளை நான் அப்படியே நம்புவதில்லை. பதிவு செய்யும் முன் சில கேள்விகள் கேட்பேன். கடற்கரைப் பக்கம் இரவில் விளக்கு எரியுமா? கழிவுநீர் எங்கே போகிறது? குடிநீரை பாட்டிலில் தருகிறீர்களா, வடிகட்டித் தருகிறீர்களா? வழிகாட்டி இந்தத் தீவுக்காரரா?

முதல் கேள்வி ஆமைக்காக. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். மனிதர் இல்லாத கரையில் அது கடலும் வானமும் சேரும் கோடு. விடுதி விளக்கு எரிந்தால் கடலுக்குப் பதில் விடுதியை நோக்கி வந்து காலைக்குள் செத்துவிடும். இந்தக் கேள்விக்கு விவரமாகப் பதில் எழுதுகிற விடுதியில் மற்றவையும் பெரும்பாலும் சரியாக இருக்கும். "மீனுக்கும் திருக்கைக்கும் நீங்களே உணவு கொடுக்கலாம், ஆமையைத் தொட்டுப் படம் எடுக்கலாம்" என்று எழுதியிருந்தால் வேறிடம் பாருங்கள்.

ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், கைபேசி சிக்னல் உண்டா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் அதே மடலில் கேட்டுவிடலாம்.

7. பை கட்டுவதற்கு முன் பையைச் சுத்தம் செய்யுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். நான் இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குவேன்.

தீவு உயிர்கள் எதிரி இல்லாமல் வளர்ந்தவை. வெளியிலிருந்து ஒன்று வந்தால் தாங்காது. இரண்டாம் உலகப்போரை ஒட்டிச் சரக்கோடு வந்த பழுப்பு மரப்பாம்பு, பசிபிக்கில் உள்ள குவாம் தீவின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைத் தின்றே தீர்த்துவிட்டது. எலியின் கதை இன்னும் நீளமானது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் ஏராளம். அவற்றின் எச்சம் மழையில் கரைந்து கடலில் சேர்கிறது, அதைக் கொண்டு பவளப்பாறையும் செழிக்கிறது. அந்தப் பாறைகளில் மீன்களின் மொத்த எடை ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக இருந்தது. கரையில் ஓர் எலி இல்லாததால் கடலுக்குள் மீன் பெருகுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து என் செருப்பைக் கழுவாமல் எந்தத் தீவிலும் கால் வைத்ததில்லை.

செருப்பு, ஷூ அடிப்பாகத்தில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். காலுறை, வெல்க்ரோ, பையின் தையல் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் விதைகளை எடுத்துவிடுங்கள். ஸ்நார்க்கெல் கருவிகளை நன்னீரில் கழுவுங்கள். பழம், விதை, செடி எதுவும் கொண்டுபோக வேண்டாம்.

பைக்குள் என்ன? வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் அகலத் தொப்பியும். எந்தச் சன்ஸ்கிரீனையும்விட அதுதான் மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு போதும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருட்களில் எது சேர்ந்திருந்தாலும் அந்தச் சன்ஸ்கிரீனை வாங்காதீர்கள். பவளத்துக்குக் கேடு என்று பலாவ் 2020-இலும் ஹவாய் 2021-இலும் இவை கொண்ட சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்தன. 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று டப்பாவின் முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

அப்புறம் சிவப்பு ஒளி தரும் டார்ச், தொலைநோக்கி, கொசு விரட்டி, கூடுதல் மூக்குக் கண்ணாடி, நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்து இரண்டு வாரத்துக்கு அதிகமாக. கேமராவுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். டிரோனை வீட்டிலேயே வையுங்கள். ஒரு டிரோன் பறந்தால் பறவைக் கூட்டம் முழுக்கக் கூட்டை விட்டு எழும்பும், வெறும் மணலில் கிடக்கும் முட்டை உச்சி வெயிலில் சில நிமிடத்தில் வெந்துவிடும்.

8. தீவில் இறங்கிய பிறகு

முதல் நாள் எங்கும் போகாதீர்கள். கரையோரம் உட்கார்ந்து கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது, எங்கே அலை உடைகிறது என்று பாருங்கள். கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கி அறையில் ஒட்டிவையுங்கள். மறுநாளிலிருந்து உங்கள் கடிகாரம் அதுதான். விடியலும் அந்தியும் பறவைக்கு. நடுப்பகல் தூக்கத்துக்கு. கடல் ஏறி நிற்கும் அரைமணி நேரம் நீச்சலுக்கு.

தண்ணீரில் முகம் புதைத்து மிதக்கும்போது அவசரப்படாமல் ஒரே பாறைக்கு மேல் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். நீங்கள் வந்ததும் ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். காதுகொடுத்தால் கறுக், கறுக் என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன்கள் பாறையைக் கடித்துப் பாசி தின்னும் ஒலி அது. பாறைத்தூளை அவை வெண்மணலாக வெளியேற்றும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்கும். நீங்கள் படுத்திருந்த வெள்ளைக் கடற்கரையில் பெரும்பங்கு அப்படி வந்திருக்கக்கூடும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், கையால் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் மணற்பரப்புக்கு மேல் மிதந்து பழகிவிட்டுப் பாறைப் பக்கம் போங்கள்.

ஆமை பார்க்கப் போகும் இரவில் உள்ளூர்க் காவலரோடுதான் போக வேண்டும். டார்ச் அணைந்திருக்கட்டும், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். ஆமை கடலிலிருந்து ஏறும்போதும் குழி தோண்டும்போதும் அசையாமல் தூரத்தில் உட்காருங்கள், அந்நேரம் மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு, காவலர் கை காட்டினால், பின்பக்கமாகப் போகலாம். பிளாஷ் கூடவே கூடாது. அது மூச்சு வாங்கும் சத்தம் மிகப் பக்கத்தில் கேட்கும். அந்த இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

9. ஆபத்துகள்

கடல் உங்களை உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பின் கரை திரும்புங்கள். தனியே கடலில் இறங்க வேண்டாம். அழகான கூம்புச் சிப்பியை உயிரோடு கையில் எடுக்காதீர்கள். கூம்பு நத்தைகளில் சில மனிதரைக் கொல்லும் நஞ்சு உள்ளவை, முறிமருந்தும் கிடையாது. ஆழமில்லாத பாறைத் தண்ணீரில் அடிப்பாகம் தடித்த ஷூ போட்டு நடங்கள், கல்மீன் கல் மாதிரியே கிடக்கும். அதன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவரைத் தேடுங்கள். பவளம் கீறிய புண் எளிதில் சீழ் பிடிக்கும், உடனே நன்னீரில் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள்.

கரீபியன் கரைகளில் மான்சினீல் என்ற மரம் உண்டு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே உடம்பு கொப்புளிக்கும். சில இடங்களில் அதன் மேல் சிவப்பு அடையாளம் போட்டிருப்பார்கள். தென்னைக்கு அடியில் பாய் விரிக்காதீர்கள். பெரிய பாறைமீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கும். சமைத்தாலும் அது போகாது, எந்த மீன் ஆகாது என்று உள்ளூர் மீனவருக்குத் தெரியும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், மலேரியா கொசு இரவில். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். உப்புநீர் முதலை உள்ள தீவா என்று கேட்டுவிட்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் போங்கள்.

10. திரும்பும்போது

சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் துறவி நண்டுக்கு அந்தக் காலிச் சங்குதான் வீடு. உடம்பு வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும், கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் மூடிக்குள் நுழைந்துகொள்ளும்.

பார்த்த பறவைகளை ஈபேர்ட் இணையதளத்திலும் மற்ற உயிர்களை ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். ஆள் அதிகம் போகாத தீவிலிருந்து வரும் ஒவ்வொரு பதிவும் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஆமைக் கூடு, அரிய பறவையின் கூடு இருந்த சரியான இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, நிலா, கடல் ஏறிய நேரம், பார்த்தது எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். அடுத்த பயணத்தின் மாதத்தை அதிலிருந்துதான் தேர்ந்தெடுப்பீர்கள். வீடு வந்ததும் ஷூவை மறுபடி கழுவிக் காயப்போடுங்கள்.